கருகினால்தான் முதல் தரம்! லிஸ்பன் முட்டை டார்ட்டின் சங்கதி தெரியுமா?

ஓவனில் வைத்த பலகாரத்தில் கறுப்புப் புள்ளி விழுந்தால் என்ன செய்வோம்? கருகிய இடத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி தட்டில் அடுக்குவோம். ஆனால் ஓர் ஊரில், மேலே கறுப்புத் திட்டே இல்லாத டார்ட்டை நீட்டினால் 'சரியாக வேகவில்லையோ' என்று சந்தேகமாகப் பார்ப்பார்கள், தெரியுமா?

அந்த ஊர் லிஸ்பன். அந்த இனிப்பின் பெயர் பஸ்டெல் டி நாட்டா. போர்ச்சுகல் முழுக்கக் காபிக் கடைகளின் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கிண்ணம். தொட்டால் உதிரும் மாவு ஏடுகள். உள்ளே மஞ்சள் கருவும் பாலும் சர்க்கரையும் சேர்ந்த கஸ்டர்ட். மேலே பழுப்பும் கறுப்புமாகத் திட்டுகள். இரண்டு கடி, மிஞ்சிப்போனால் மூன்று. இத்தனை சின்னப் பண்டத்துக்குப் பின்னால் கடல் வியாபாரம், ஒரு புரட்சி, பூட்டிய மடங்கள், ஓர் ஆங்கிலேய மருந்தாளுநர், பொரித்த கோழிக் கம்பெனி ஒன்று என்று எல்லாம் வரிசை கட்டி நிற்கின்றன! அதையெல்லாம்விடப் பெரிய ஆச்சரியம், கஸ்டர்ட் சமையலில் 'கூடவே கூடாது' என்று சொல்வதையெல்லாம் இந்த டார்ட் செய்கிறது. செய்துவிட்டு ஜெயிக்கவும் செய்கிறது. எப்படி என்று தெரிந்துகொண்டால் நம் வீட்டு ஓவனிலும் அது வரும்.

முதலில் கதை.

அந்தக் காலத்துப் போர்ச்சுகல் மடங்களில் முட்டையின் வெள்ளைக்கருவுக்கு ஏகப்பட்ட வேலை இருந்ததாம். துறவிகளின் அங்கிக்கும் கன்னியாஸ்திரிகளின் தலைத்துணிக்கும் கஞ்சி போட வெள்ளைக்கரு. ஒயினைத் தெளிய வைக்க வெள்ளைக்கரு. சரி, மஞ்சள் கரு? அது பானை பானையாக மிஞ்சியது. அதே காலத்தில் மதெய்ரா தீவிலிருந்தும் பின்னர் பிரேசிலிலிருந்தும் சர்க்கரை வந்து குவிந்தது. ஒரு பக்கம் மஞ்சள் கரு, மறு பக்கம் சர்க்கரை, நடுவே பொறுமைக்குப் பஞ்சமில்லாத கன்னியாஸ்திரிகள். விடுவார்களா? மடத்து இனிப்புகள் என்று ஒரு பெரிய குடும்பமே உருவாகிவிட்டது. அவெய்ரு என்ற ஊரில் மஞ்சள் கருவும் சர்க்கரைப் பாகும் கலந்த விழுதை, தேவாலய நற்கருணை அப்பம் செய்கிற அதே மெல்லிய தாளில் சிப்பி வடிவத்திலும் பீப்பாய் வடிவத்திலும் அடைத்துத் தருவார்கள். நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த மாதிரி, அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பே உண்டு!

நம் நாட்டா பிறந்த இடமாகச் சொல்லப்படுவது லிஸ்பனின் மேற்கு ஓரத்தில், தேஜோ ஆற்றங்கரையில் இருக்கும் பெலெம். அங்கே ஜெரோனிமோஸ் மடம் என்று ஒரு பிரமாண்டம். 1501-ல் கட்ட ஆரம்பித்து முடிக்க சுமார் நூறு வருடம் ஆனது. அதைக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழை நாடுகளிலிருந்தும் வந்த சரக்குக்குப் போட்ட 5 சதவீத வரி! அதாவது அந்தச் சரக்கு லிஸ்பன் துறைமுகத்தில் இறங்க இறங்க, அங்கே ஒவ்வொரு தூணாக எழுந்திருக்கிறது. இன்றைக்கு யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் கட்டடம். அதன் ஒவ்வொரு கல்லிலும் கயிறும் பவளமும் கடற்பாசியுமாகச் செதுக்கி வைத்திருப்பார்கள்.

இன்னொன்று கேளுங்கள். 1498-ல் கோழிக்கோட்டில் வந்து இறங்கிய வாஸ்கோ ட காமா 1524-ல் கொச்சியில்தான் இறந்தார். அங்கே புனித பிரான்சிஸ் தேவாலயத்தில்தான் முதலில் புதைத்தார்கள். பிறகு எலும்புகளைக் கப்பலேற்றிப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அவர் படுத்திருப்பது இதே ஜெரோனிமோஸ் மடத்தில். கல்லறையைப் பார்த்துவிட்டு வெளியே வருகிற கூட்டம் நேராகப் போய் நிற்கிற வரிசை எது என்று நினைக்கிறீர்கள்? கூப்பிடு தூரத்தில் இருக்கும் டார்ட் கடை வரிசைதான்!

அந்தக் கடை எப்படி வந்தது? 1820-ல் போர்ச்சுகலில் தாராளவாதப் புரட்சி. அதன் தொடர்ச்சியாக 1834-ல் ஆண் துறவியர் மடங்கள் எல்லாவற்றையும் அரசு இழுத்து மூடியது. பெண்கள் மடங்களில் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது, இருக்கிற கடைசிக் கன்னியாஸ்திரி காலமானதும் மடத்தைப் பூட்டிவிடலாம் என்று உத்தரவு. சோறு போட்டுக்கொண்டிருந்த மடம் போனால் பிழைப்பு? மடத்தை ஒட்டி ஒரு சர்க்கரை ஆலையும் அதோடு சேர்ந்த சின்ன மளிகைக் கடையும் இருந்தன. மடத்தைச் சேர்ந்த யாரோ அந்தக் கடையில் டார்ட் விற்க ஆரம்பித்தார். 1837-ல் அது தனிக் கடையாகவே ஆகிவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்த அந்த 'பஸ்டெய்ஸ் டி பெலெம்' கடை அதே இடத்தில் இன்றைக்கும் ஓடுகிறது. நீல ஓடு பதித்த சுவர்கள், அறைக்குள் அறை, அறைக்குள் அறை. ஒரு நாளைக்கு 20,000 டார்ட் வரை விற்கிறதாம்!

செய்முறை? அது ஒரு சிலருக்குத்தான் தெரியும். மாவும் கஸ்டர்டும் தயாராகிற அறைக்கு 'ரகசியப் பட்டறை' என்றே பெயர். 'பஸ்டெய்ஸ் டி பெலெம்' என்ற பெயரையும் அந்தக் கடை பதிவு செய்து வைத்திருக்கிறது. அதனால் ஊரில் மற்ற எல்லாரும் செய்வது 'நாட்டா'. அவர்கள் செய்வது மட்டும் 'பெலெம்'. வரிசையில் நின்று சாப்பிட்டவர்கள் இதற்கு மேல் உலகத்தில் ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்வார்கள். ரகசியத்தைவிட அங்கே இருக்கிற ஓவனுக்குத்தான் பாதிப் புகழ் போக வேண்டும் என்பது என் கட்சி. அந்த ஓவன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

டார்ட் என்பதே மடத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 1399-ல் நான்காம் ஹென்றி முடிசூட்டிக்கொண்ட விருந்திலேயே கஸ்டர்ட் டார்ட் பரிமாறியிருக்கிறார்கள். போர்ச்சுகல் இளவரசி மரியா 1565-ல் இத்தாலியின் பார்மா பிரபு குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது கையோடு ஒரு சமையல் ஏட்டையும் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். இறைச்சிக்குத் தனி, முட்டைக்குத் தனி, பாலுக்குத் தனி, பழப்பாகுக்குத் தனி என்று பகுதி பிரித்து எழுதிய ஏடு. நாப்போலி நகரத்து நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. சீர்வரிசையில் சமையல் குறிப்பு! யாருக்குத்தான் ஆசையிருக்காது?

மஞ்சள் கரு உலகம் சுற்றிய கதை

போர்ச்சுகீசியர் கப்பல் போன இடமெல்லாம் மஞ்சள் கருவும் போனது. ஓட்டை வழியாக மஞ்சள் கருவைக் கொதிக்கும் பாகில் நூலாக விட்டு எடுக்கும் இனிப்பு ஒன்று போர்ச்சுகலில் உண்டு. அதே இனிப்பு தாய்லாந்தில் ஃபோய் தோங் என்ற பெயரில் கல்யாணப் பலகாரம்! 17-ஆம் நூற்றாண்டில் அயுத்தயா அரண்மனையில் இருந்த மரியா கியோமார் டி பின்யா என்ற பெண்மணிதான் அதை அங்கே அறிமுகப்படுத்தினார் என்பது தாய்லாந்துக்காரர்களின் நம்பிக்கை. ஜப்பானில் ஃபுகுவோகா பக்கம் அதையே கெய்ரான் சோமென் என்கிறார்கள். அவ்வளவு தூரம் ஏன்? பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி மலபாருக்குப் போனால் மாப்பிள்ளை முஸ்லிம் வீடுகளில் 'முட்டமாலா' கிடைக்கும். அச்சு அசல் அதே மஞ்சள் நூல்கள்!

இங்கேதான் ஒரு கெட்டிக்காரத்தனம். நாட்டா செய்யப்போகிற நமக்கு மடத்துக்காரர்களுக்கு நேர் எதிரான பிரச்சினை. மஞ்சள் கரு காலியாகிவிடும், வெள்ளைக்கரு மிஞ்சும். ஆறு முட்டையின் வெள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? துணிக்குக் கஞ்சியா போட முடியும்? மலபாரில் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். மிஞ்சின வெள்ளைக்கருவோடு மிஞ்சின பாகையும் கொஞ்சம் பால் பவுடரையும் ஏலக்காயையும் அடித்துக் கிண்ணத்தில் ஊற்றி ஆவியில் வேகவைத்தால் பிஞ்ஞாணத்தப்பம். வெள்ளைத் தட்டு மேல் மஞ்சள் மாலை. ஒரு சொட்டு வீணில்லை.

சீனப் பக்கம் போன கதை வேறு மாதிரி. ஹாங்காங்கின் டான் டாட் எனும் முட்டை டார்ட் வழவழப்பானது. மேலே ஒரு புள்ளி கூட இருக்காது. அது இங்கிலாந்துக் கஸ்டர்ட் டார்ட்டின் வழியில் வந்தது. பிரிட்டிஷ் ஹாங்காங்கின் கடைசி கவர்னர் கிறிஸ் பேட்டன் அந்த டார்ட்டுக்கு அடிமை. அவர் வாங்கிச் சாப்பிட்ட டாய் சியோங் பேக்கரி அதனாலேயே பிரபலமாகிவிட்டது. 2014-ல் ஹாங்காங் வெளியிட்ட பண்பாட்டு மரபுப் பட்டியலில் முட்டை டார்ட் செய்யும் கலைக்கும் இடம் உண்டு!

பக்கத்திலேயே மக்காவ். போர்ச்சுகல் ஆண்ட இடம். அப்படியென்றால் நாட்டாவை அங்கே பிரபலமாக்கியவர் போர்ச்சுகீசியர்தானே? அதுதான் இல்லை! ஆண்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர். படிப்பு மருந்தாளுநர் படிப்பு. 1989-ல் கொலோவான் கிராமத்தில் 'லார்ட் ஸ்டோஸ்' என்று ஒரு பேக்கரி திறந்தார். லிஸ்பனில் சாப்பிட்ட ருசியை மனதில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் இங்கிலாந்துக் கஸ்டர்ட் பாணியையும் கலந்து அவரே ஒரு செய்முறையை உருவாக்கினார். அது காட்டுத்தீயாய்ப் பரவியது. அவரும் மனைவி மார்கரெட்டும் பிரிந்தபோது மார்கரெட் தனிக்கடை போட்டார். 1999-ல் கேஎஃப்சி நிறுவனம் மார்கரெட்டிடமிருந்து செய்முறையை விலைக்கு வாங்கியது. அதனால்தான் சீனாவில் பொரித்த கோழி வாங்கப் போகிறவர் கையில் போர்ச்சுகல் மடத்து டார்ட்டும் இருக்கிறது! தைவானில் இந்த மோகம் எந்த அளவுக்குப் போனதென்றால், 1990-களின் இறுதியில் தெருவுக்குத் தெரு டார்ட் கடைகள் முளைத்து, வந்த வேகத்திலேயே மூடப்பட்டன. ஒரே வியாபாரத்தில் எல்லாரும் விழுந்து எல்லாரும் கையைச் சுட்டுக்கொள்வதற்கு அங்கே இன்றைக்கும் 'முட்டை டார்ட் விளைவு' என்றே பெயர்.

மலேசியா, சிங்கப்பூர் தமிழர்கள் இந்நேரம் "எங்க அன்னாசி டார்ட்டை விட்டுட்டீங்களே" என்று கேட்பார்கள். தீபாவளிக்கு முறுக்கோடும் நெய் உருண்டையோடும் அன்னாசி டார்ட்டும் டப்பாவில் நிறைகிற வீடுகள் அவை. அதில் அன்னாசிப் பழம் தென்னமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு வந்ததே போர்ச்சுகீசியர் கையில்தான். ஆனால் அது தனிக் கதை. அதன் மாவு வேறு, பக்குவம் வேறு.

இனி நம் அடுப்படி

16 டார்ட் அளவுக்குச் சொல்கிறேன். சர்க்கரை 250 கிராம், தண்ணீர் 125 மில்லி, பட்டை ஒரு துண்டு, எலுமிச்சைத் தோல் இரண்டு சீவல். பால் 300 மில்லி, மைதா 35 கிராம், ஆறு மஞ்சள் கரு. மேல் மாவுக்கு மைதா 250 கிராம், தண்ணீர் 150 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை, உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம். எலுமிச்சைத் தோலில் மஞ்சள் பகுதி மட்டும் போதும். அடியில் இருக்கும் வெள்ளை சேர்ந்தால் கசக்கும்.

முதல் வேலை பாகு. போர்ச்சுகீசியக் குறிப்புகள் தெர்மாமீட்டரை வைத்து சுமார் 105 டிகிரி செல்சியஸ் என்று சொல்லும். நமக்கு எதற்குத் தெர்மாமீட்டர்? விரலுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு கம்பி எழும்புகிறதா, அதுதான் அந்தப் பதம்! அதிரசத்துக்கும் மைசூர்பாகுக்கும் பாகு பார்த்த கைக்கு லிஸ்பன் பாகு ஒரு விஷயமே இல்லை. பட்டையையும் எலுமிச்சைத் தோலையும் பாகிலேயே போட்டுக் கொதிக்க விடுங்கள். கரண்டி போட்டுக் கிளறாதீர்கள். கிளறினால் படிகம் கட்டி மணல் மணலாகிவிடும்.

பட்டைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கறுவா வியாபாரத்தைக் கையில் வைத்திருந்தது போர்ச்சுகல். அந்தப் பட்டைதான் லிஸ்பன் சமையலறைகளுக்குப் போனது. பெலெம் கடையில் பார்சல் வாங்கினால் இன்றைக்கும் பட்டைத் தூளும் சர்க்கரைப் பொடியும் குட்டிப் பொட்டலமாகக் கூடவே வரும். இலங்கைக் கறுவா மெல்லிய சுருளாக, கையாலேயே நொறுங்கும். மளிகைக் கடையில் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் கேசியா. எது போட்டாலும் டார்ட் வரும், ஆனால் மணத்தில் வித்தியாசம் தெரியும்.

பாலில் பாதியைக் கொதிக்க வைத்து, மீதிப் பாலில் மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து அதில் ஊற்றி, கூழ் மாதிரி கெட்டியாகும் வரை துழாவுங்கள். அதில் பாகை நூலாக விட்டுக்கொண்டே கலக்கி, வடிகட்டி, வெதுவெதுப்பானதும் மஞ்சள் கருவைச் சேர்த்து அடியுங்கள். வேலை முடிந்தது. கஸ்டர்ட் தண்ணீராக இருக்கிறதே என்று பயம் வரும். வரட்டும், ஓவன் பார்த்துக்கொள்ளும்.

இப்போது அந்த ஆச்சரியத்துக்கு வருவோம். கேரமல் கஸ்டர்ட் செய்தவர்களுக்குத் தெரியும், அது எத்தனை நோஞ்சான் என்று. தண்ணீர் நிரப்பிய தட்டில் உட்கார வைத்து, சின்னச் சூட்டில், மூச்சுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால் முட்டைப் புரதம் இறுகித் திரிந்து, தண்ணீர் விட்டு, ஓட்டை ஓட்டையாகிவிடும். நாட்டாவோ 250, 300 டிகிரி ஓவனில் போய்க் கொதிக்கிறது! நிஜமாகவே கொதிக்கிறது. ஆனாலும் திரிவதில்லை. ஏன்?

காரணம் அந்த 35 கிராம் மைதா! மாவிலிருக்கும் ஸ்டார்ச் சூட்டில் ஊதிப் பெருத்து முட்டைப் புரதங்களுக்கு நடுவே புகுந்துகொள்கிறது. அவை ஒன்றோடொன்று ஒட்டி முறுக்கிக்கொள்ள வழியே இல்லை. கூடவே சர்க்கரை. முட்டை உறையும் வெப்பநிலையையே மேலே தள்ளிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து மஞ்சள் கருவுக்குக் கவசம் போட்டுவிடுகின்றன. இன்னொரு விசித்திரம், மஞ்சள் கருவில் ஸ்டார்ச்சைத் தின்கிற அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. நம் எச்சிலில் இருக்கிற அதே வகை நொதி! அரைகுறைச் சூட்டில் விட்டால் அது மாவைத் தின்று, கெட்டியாக இருந்த கஸ்டர்டை மறுபடி நீர்த்துப்போக வைத்துவிடும். நன்றாகக் கொதித்தால்தான் அது சாகும். அதாவது கேரமல் கஸ்டர்டைக் கெடுக்கிற அதே சூடுதான் நாட்டாவைக் காப்பாற்றுகிறது!

மாவுக்கு வருவோம். இங்கேதான் பொறுமை வேண்டும். மைதாவை உப்பும் தண்ணீரும் விட்டு மெத்தென்று பிசைந்து, மூடி வைத்து, பெரிய சதுரமாகத் தேய்த்து, வெண்ணெயில் மூன்றில் ஒரு பங்கை ஓரம் விட்டுத் தடவி, கடிதம் மடிப்பது மாதிரி மூன்றாக மடிக்க வேண்டும். மறுபடி தேய்த்து, அடுத்த பங்கைத் தடவி, மறுபடி மடிப்பு. மூன்றாவது தடவை வெண்ணெய் தடவியதும் மடிக்காமல் இறுக்கமாக உருளையாகச் சுருட்டி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில். ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவிலேயும் இருபது நிமிடம் ஃபிரிட்ஜ் ஓய்வு உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் முழு அடுக்கு மாவுக்கு இப்படி ஆறு முறை மூன்றாக மடிப்பார்கள். கணக்குப் போடுங்கள்: மூன்றை மூன்றால் பெருக்கிக்கொண்டே போனால் ஆறாவது மடிப்பில் 729 வெண்ணெய் அடுக்கு! நமக்கு அவ்வளவு தேவையில்லை.

அடுக்குகளைப் பிரிப்பது யார்? தண்ணீர்! வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். அது ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது. வெளியேற வழி தேடி மாவு ஏடுகளை முட்டித் தள்ளும் அதே நேரத்தில், நடுவே இருக்கும் கொழுப்பு ஏடுகளை ஒட்டவிடாமல் பொரிக்கிறது. ஈஸ்ட் இல்லை, சோடா இல்லை, வெறும் ஆவி!

ஆனால் சென்னையிலும் மதுரையிலும் ஒரு சிக்கல். வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினால் உருக ஆரம்பித்துவிடும். சித்திரை மாதத்து அடுப்படியோ அதற்கு மேலேயே இருக்கும்! உருகிய வெண்ணெய் மாவுக்குள் ஊறிவிட்டால் அடுக்கு போச்சு, பிஸ்கட்தான் கிடைக்கும். வழி இருக்கிறது. கிரானைட் மேடை மேல் ஐஸ் கட்டி நிறைந்த தட்டை கால்மணி நேரம் வையுங்கள். கல் குளிர்ந்ததும் துடைத்துவிட்டு அதன் மேல் தேயுங்கள். விடிகாலையில் ஆரம்பித்தால் இன்னும் நல்லது. மாவு கையில் பிசுபிசுத்தால் அடம்பிடிக்காமல் ஃபிரிட்ஜுக்கு அனுப்பிவிடுங்கள்.

மறுநாள், உருளையை இரண்டு சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டுங்கள். வெட்டிய முகத்தைப் பார்த்தால் பரோட்டா மாஸ்டர் சுற்றி வைத்த உருண்டை மாதிரி வட்டம் வட்டமாக ஏடு தெரியும். அந்த முகம் மேலே பார்க்க ஒவ்வொன்றையும் அச்சுக்குள் வையுங்கள். கட்டைவிரலைத் தண்ணீரில் நனைத்து நட்ட நடுவில் அழுத்தி, அங்கிருந்து சுவரை நோக்கித் தள்ளிக்கொண்டே போங்கள். அடிப்பாகம் கண்ணாடி மாதிரி மெலிதாக, விளிம்பு கொஞ்சம் தடிமனாக, அச்சுக்கு மேல் ஒரு நூல் எட்டிப் பார்க்கும்படி நிற்கட்டும். சுருளை இப்படி நிமிர்த்தி வைப்பதுதான் சூட்சுமம். ஏடுகள் கிண்ணத்தைச் சுற்றி வளையமாக ஏறுகின்றன. அதனால்தான் கடிக்கும்போது விளிம்பு மெல்லிய வளையங்களாக உதிர்கிறது. கடையில் வாங்கிய உறைந்த அடுக்கு மாவை வட்டமாக வெட்டி வைத்தால் இந்த வளையம் வராது. அதையும் சுருட்டி வெட்டினால் வரும்!

தனி அச்சு கிடைக்கவில்லையென்றால் கப் கேக் தட்டு போதும். கஸ்டர்டை முக்கால் அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். அது பொங்கும்.

கடைசியில், ஓவன்

லிஸ்பன் பேக்கரி ஓவன்கள் 400 டிகிரி வரை போகும். நம் வீட்டு ஓடிஜியில் கடைசிக் கோடே 230 அல்லது 250தான். ரகசியப் பட்டறையைவிட இந்த இடைவெளிதான் வீட்டு டார்ட்டையும் கடை டார்ட்டையும் பிரிக்கிறது. கேக்குக்கு வைக்கிற 180 டிகிரியில் வைத்துப் பாருங்கள், மாவு பொன்னிறமாவதற்குள் கஸ்டர்ட் வறண்டு ரப்பராகிவிடும். அடிப்பாகம் மட்டும் நனைந்த அட்டை.

அதற்கு ஒரு நாட்டு வைத்தியம். கைப்பிடியில் மரமோ பிளாஸ்டிக்கோ இல்லாத இரும்புத் தோசைக்கல்லை ஓவனுக்குள் வைத்து, மேல் ராடு கீழ் ராடு இரண்டையும் போட்டு, உச்ச வெப்பத்தில் முக்கால் மணி நேரம் காயவிடுங்கள். தட்டை நேராக அந்தக் கல் மேல் வையுங்கள். தடித்த இரும்பு சேர்த்து வைத்திருக்கும் சூடு ஒரே நேரத்தில் அடியில் ஏறும். ஓரிரு நிமிடத்தில் 'சொய்' என்று ஒரு சத்தம் கேட்கும். வெண்ணெய் மாவை அச்சுக்குள்ளேயே பொரிக்கிற சத்தம் அது. கேட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஓவன் கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாகப் பாருங்கள். பத்தாவது நிமிடம் போலக் கஸ்டர்ட் குமிழியாக எழும்பும். மேலே ஒரு தோல் படியும், அந்தத் தோல் அங்கங்கே உப்பும். மேல் ராடுக்கு மிக அருகில் போகிற உப்பல்கள்தான் முதலில் பழுப்பாகி, பிறகு கறுக்கும். பால் சர்க்கரையும் முட்டைப் புரதமும் சூட்டில் சேர்ந்து செய்கிற வேலை, கூடவே சர்க்கரையும் கருகிக் கேரமலாகிறது. அந்த லேசான கசப்பு மட்டும் இல்லையென்றால் இவ்வளவு சர்க்கரையை நாக்கு தாங்காது. பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் வெளியே எடுக்கலாம். திட்டு விழவில்லையென்றால் தட்டை மேல் அடுக்குக்கு மாற்றி, மேல் ராடை மட்டும் போட்டு ஒரு நிமிடம், அவ்வளவுதான். எடுத்ததும் உப்பிய நடுப்பாகம் குழிந்து இறங்கும். பதறாதீர்கள், லிஸ்பனிலும் அப்படித்தான் இறங்குகிறது.

ஐந்து நிமிடத்தில் அச்சிலிருந்து எடுத்துக் கம்பி வலை மேல் வையுங்கள். அச்சிலேயே விட்டால் ஆவி அடியில் தேங்கி மாவு நமுத்துவிடும். கை பொறுக்கிற சூட்டில், மேலே பட்டைத் தூள் தூவிச் சாப்பிடுவதுதான் முறை. கூட, போர்ச்சுகலில் எஸ்பிரெசோ. நமக்கு டிகிரி காபி, சர்க்கரை கொஞ்சம் குறைத்து.

மிஞ்சாது. மிஞ்சினால், மறுநாள் மைக்ரோவேவ் பக்கமே போகாதீர்கள், ஏடெல்லாம் துணியாகிவிடும். 200 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம், அல்லது ஏர் ஃபிரையரில் மூன்று நிமிடம் வைத்தால் விளிம்பு மறுபடி மொறுமொறுக்கும். சுருட்டிய மாவு உருளை பாதி மீதியிருந்தால் இறுக்கமாக மூடி ஃபிரீசரில் போடுங்கள், ஒரு மாதம் தாங்கும். திடீர் விருந்தாளி வந்தால் கஸ்டர்ட் கிளறுகிற நேரம்தான் வேலை.